சொந்தக் கிணறும் வாய்க்கால் நீரும்



கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகும் சாலையும், திருச்சியிலிருந்து சிதம்பரத்துக்குப் போகும் சாலையும் சந்திக்கும் ஊர் மீன்சுருட்டி. பேருந்துக்காகக் காத்து நிற்பது அவ்வூர் மாணவர்களுக்குப் புதிதன்று. அவர்களுள் இருவர் இதற்கென ஒரு செயலி எழுத முற்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேருந்து அணைக்கரையைத் தாண்டியதும் அதில் வரும் பிரயாணி ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தொடுகிறார். மீன்சுருட்டியில் நிற்பவருக்குச் செய்தி தெரிந்துவிடுகிறது. எண்ணம் எளிது. ஆனால் அந்தப் பிரயாணியின் கைப்பேசி, இங்கே நிற்பவரின் கைப்பேசியோடு நேரே பேசுவதில்லை. இரண்டுக்கும் நடுவே, இரவு பகலாக விழித்திருந்து, செய்தியை வாங்கிக் காத்து, கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்கும் கணினி ஒன்று வேண்டும். அதனையும் அதில் இயங்கும் நிரல்களையும் சேர்த்துப் பின்தளம் என்கிறோம்.

இதனைப் பெற இரண்டு வழிகள் உண்டு. ஒரு சர்வரை அமர்த்தி, தரவுத்தளத்தை நிறுவி, உள்நுழைவு முதலியவற்றுக்கான நிரல்களைத் தாமே எழுதிக்கொள்வது ஒன்று. இது கிணறு வெட்டுவது போன்றது. இவற்றையெல்லாம் ஆயத்தமாக வைத்திருக்கும் நிறுவனத்திடம் இடம் பெறுவது மற்றொன்று. 2014இல் கூகுள் வாங்கிய ஃபயர்பேஸ் இவ்வகைச் சேவைகளுள் பெயர் பெற்றது. இது வாய்க்காலில் வரும் நீரைப் பாய்ச்சிக்கொள்வது போன்றது.

வாய்க்கால் நீர் முதலில் இலவசமாகவே வருகிறது. ஆனால் அதற்கும் அளவுண்டு. அந்த அளவை அறியாமல் நாற்று நடலாகாது. ஃபயர்பேஸின் ஃபயர்ஸ்டோர் என்னும் தரவுத்தளத்தில் நாள் ஒன்றுக்கு 50,000 ஆவணங்களை இலவசமாகப் படிக்கலாம். ஒவ்வொரு பேருந்தையும் தனி ஆவணமாக எழுதி வைத்து, செயலியைத் திறக்கும்போதெல்லாம் நூறு பேருந்துகளையும் வரிசையாகக் காட்டினால் என்ன ஆகும்? ஒரு முறை திறந்தால் நூறு படிப்புகள். 500 முறை திறந்ததும் அன்றைய பங்கு தீர்ந்தது. அதே நூறு பேருந்துகளின் நேரப் பட்டியலை ஒரே ஆவணத்தில் எழுதி வைத்திருந்தால் 50,000 முறை திறக்கலாம். இடம் ஒன்றுதான், நிரல் எழுதியவரின் முன்யோசனையில்தான் நூறு மடங்கு வேறுபாடு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த நாட்கணக்கு அமெரிக்கப் பசிபிக் கரையின் நள்ளிரவில் புதுப்பிக்கப்படுகிறது. நமக்கு அது நண்பகல் கடந்த வேளை. காலை எட்டு மணிக் கூட்டத்தில் பங்கு தீர்ந்தால், கல்லூரிக்குப் போகிறவருக்கு அன்று செயலி கைகொடாது.

இதைவிடப் பெரிய கேள்வி, வாய்க்காலையே அடைத்துவிட்டால் என்ன செய்வது என்பது. இது வெறுங்கற்பனை அன்று. பார்ஸ் என்ற சேவை 2011இல் தோன்றியது. 2013இல் ஃபேஸ்புக் அதனை வாங்கியது. இலட்சக்கணக்கான செயலிகள் அதனை நம்பி நின்றன. 2016 ஜனவரி 28 அன்று, ஓராண்டில் மூடப் போகிறோம் என்று அறிவித்தார்கள்; 2017 ஜனவரி இறுதியில் மூடினார்கள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தரவுகளை எடுத்துச் செல்ல வழி செய்ததோடு, அதே பணியைச் சொந்தச் சர்வரில் நடத்திக்கொள்ளும் நிரலையும் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். அதனால் பலர் பிழைத்தார்கள். எல்லா நிறுவனங்களும் அவ்வளவு அவகாசமும் தயவும் காட்டும் என்பதற்கு உறுதி இல்லை.

அப்படியானால் சொந்தமாக வெட்டுவதே மேல் என்று நீங்கள் சொல்லக்கூடும். மீன்சுருட்டிக்கு அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தை நினைத்துப் பாருங்கள். முதலாம் இராசேந்திரன் அங்கே சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டுவித்தான். இன்று பொன்னேரி என்று வழங்குவது அதுவே. அதனை வெட்டியவர்களின் திறமையில் குறை சொல்ல யாராலும் இயலாது. 13ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி முடிந்தது; பின்னர் கரையையும் வாய்க்கால்களையும் முறையாகப் பேணுவாரின்றி ஏரி தூர்ந்து போயிற்று. சர்வரும் அவ்வாறே. அதன் மென்பொருளில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். உடனுக்குடன் அடைக்க வேண்டும். தரவுக்கு மறுபடி எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின இரவில் சர்வர் நின்று போனால் எழுந்து பார்ப்பவர் யார்? நம் மாணவர் இருவரும் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகு பார்ப்பவர் யார்?

ஆகையால் அவர்கள் இப்போது வாய்க்கால் நீரையே கொள்ளட்டும் என்பது என் கருத்து. நோயாளிகளின் குறிப்புகளை வைத்திருக்கும் மருத்துவமனை கேட்டால் வேறு விதமாகச் சொல்வேன். அங்கே ஆள் அமர்த்திப் பேணப் பணமும் உண்டு. பேண வேண்டிய கடமையும் உண்டு. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு மக்களிடமிருந்து தரவைப் பெற்றவரையே சாரும்.

மாணவர்களும் இதில் அசட்டையாக இருக்கலாகாது. சோதனைக்கென்று எவரும் படிக்கலாம், எழுதலாம் எனத் திறந்து வைத்த அனுமதி விதிகளை மறந்து அப்படியே வெளியிட்டு, பயனாளர்களின் தொலைபேசி எண்களை ஊரறியச் செய்தவர்கள் உண்டு. பேருந்து பார்க்கத் தொலைபேசி எண் எதற்கு? அதனைக் கேளாமலே விட்டுவிடலாம்.

மற்றொன்று, ஃபயர்பேஸோடு பேசும் வரிகளைச் செயலி முழுவதும் தூவாமல் ஒரே கோப்பில் அடக்கி எழுத வேண்டும். நாளை வேறு பின்தளத்துக்கு மாற நேர்ந்தால், பெரும்பாலும் அந்த ஒரு கோப்பைத் திருத்தினால் போதும். வாரம் ஒரு முறை, தரவு முழுவதையும் எந்தக் கணினியும் படிக்கக்கூடிய சாதாரண உரைக்கோப்பாக இறக்கித் தம்மிடம் வைத்துக்கொள்ளட்டும். அதற்கு ஒரு சிறு நிரலும் ஒரு மாலைப் பொழுதும் போதும். மற்ற மாலைகளில், அணைக்கரையைக் கடந்த பேருந்து சரியாக எத்தனை நிமிடத்தில் மீன்சுருட்டி வந்து சேருகிறது என்று சாலையில் நின்று குறித்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கை எந்த நிறுவனமும் வாடகைக்குத் தருவதில்லை.