வாய் திறந்தால் என்ன ஆகும்?

2017 பிப்ரவரி 13, பட்டப்பகலில், மலேசியாவின் பெட்டாலிங் ஜெயா சாலையில் காரை மறித்துப் பாதிரியார் ரேமண்ட் கோவைக் கடத்தினார்கள். அவர் இன்னும் திரும்பவில்லை. "மத விவகாரம், நமக்கேன் வம்பு?" என்று பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு கிறிஸ்தவர் ஒதுங்கினால், அந்தப் பயம் புரிகிறது. ஆனால் ரேமண்டின் மனைவி சூசன்னா ஓயவில்லை. மெழுகுவர்த்தி ஏந்திக் கூடியவர்களும் வழக்கறிஞர்களும் துணை நின்றார்கள். 2019இல் மனித உரிமை ஆணையமான சுஹாகாமின் விசாரணை போலீஸ் சிறப்புப் பிரிவையே சுட்டியது; 2025 நவம்பரில் உயர் நீதிமன்றமும் அரசைப் பொறுப்பாக்கியது. கிறிஸ்தவரான நம்மவருக்கு மட்டும்தானா இந்தக் குரல்? இல்லை. பெர்லிஸில் காணாமற்போன முஸ்லிம் ஆர்வலர் அம்ரி சே மாட் விஷயத்திலும் சுஹாகாம் அதே முடிவுக்குத்தான் வந்தது. ரேமண்ட் எங்கே என்பதற்கு மட்டும் பதில் இல்லை. நம் சபையில் வழக்கறிஞர், ஆசிரியர், தொழிலதிபர் என்று செல்வாக்குள்ளவர்கள் இருக்கிறார்களே, தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் அதை எழுத்தில் கேட்கலாம்.