தவணை முடியும் வேளை

உடன்படிக்கை எதுவாயினும் அதற்குத் தொடக்க நாள் ஒன்றும் முடிவு நாள் ஒன்றும் உண்டு. தொடக்க நாளை எல்லோரும் நினைவில் வைத்திருப்பர். முடிவு நாளை நினைவில் வைத்திருப்போர் சிலரே. வயலைக் குத்தகைக்கு எடுத்த கமக்காரன் அந்தச் சிலருள் ஒருவன். குத்தகை எந்தப் போகத்தோடு முடிகின்றது என்பதை அவன் நன்கறிவான். அதற்கு முன்னரே காணிக்காரரிடம் சென்று பேசுவான். பேச்சுச் சரிவராவிடில் வேறு காணி பார்ப்பான். இடையிலே விட்டு வெளியேறினால் விதைத்தது வீணாகும். முடிந்த பின்னும் வாளாவிருந்தால் காணிக்காரர் சொன்னதே விலையாகும். வேளையறிந்து பேசுவதிலேதான் அவனுடைய பலம் தங்கியிருக்கின்றது.

இக்காலத்தில் வீட்டுக்கு வரும் இணைய இணைப்பும் இத்தகையதொரு குத்தகையே. இது நன்கு புலப்படும் இடங்களுள் ஒன்று பிரித்தானியா. இலண்டன் மாநகரின் ஹரோ, ஈஸ்ற்ஹாம் முதலிய பகுதிகளில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. பருத்தித்துறையிலிருக்கும் பாட்டி இலண்டனிலுள்ள பேரப்பிள்ளையின் முகத்தை மாலைதோறும் கண்டு மகிழ்வது இந்த இணைப்பின் வழியாகவே. பிள்ளைகளின் படிப்பும், வீட்டிலிருந்தபடியே செய்யும் உத்தியோகமும், வங்கி அலுவலும் இதனையே நம்பியுள்ளன. ஆகவே அங்குள்ளோர் இதனை எப்போது மாற்றுகின்றனர், எவ்வாறு மாற்றுகின்றனர் என்பது இங்குள்ள உறவினர்க்கும் தொடர்பில்லாத செய்தியன்று.

அங்கு இணைப்பு வழங்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் 18 மாதத்துக்கோ 24 மாதத்துக்கோ ஒப்பந்தம் எழுதுகின்றன. இருபத்துநான்கு மாதங்களுக்கு மேல் வாடிக்கையாளரைக் கட்டிவைப்பதை விதி அனுமதிப்பதில்லை. தவணை உள்ளவரை சலுகை விலை. தவணை முடிந்ததும் இணைப்பு அறுந்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். அது மாதத்துக்கு மாதம் தொடர்ந்துகொண்டேயிருக்கும். ஆனால் சலுகை மட்டும் நின்றுவிடும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். இந்த வியாபாரத்தில் வாடிக்கையாளரின் மௌனம் கூடுதல் விலைக்குக் கொடுத்த சம்மதமாகிவிடுகின்றது.

உதாரணமாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு மூதாட்டி தனியே வாழ்கின்றார். கடிதங்களையும் கணக்குகளையும் பார்த்துவந்த கணவர் காலமாகிவிட்டார். மாதம் 28 பவுணுக்கு எழுதிய ஒப்பந்தம் முடிந்து விலை 40 பவுணாயிற்று. பணமோ வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிகின்றது. மாதம் 12 பவுண் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு கசிவு. ஆண்டொன்றுக்கு அது 144 பவுண். ஐந்தாண்டில் 720 பவுண். அதே தெருவில், அதே வேகமுள்ள இணைப்பை நேற்றுப் பெற்றவர் குறைந்த விலை கொடுக்க, பல்லாண்டு விசுவாசமாக இருந்தவர் கூடிய விலை கொடுக்கின்றார். விசுவாசத்துக்குக் கிடைத்த தண்டனை என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

இந்தக் குறை ஒரு வீட்டோடு நின்றதன்று. பிரித்தானியாவில் பொதுமக்களுக்கு இலவச ஆலோசனை வழங்கும் ‘சிற்றிசன்ஸ் அட்வைஸ்’ என்னும் அமைப்பு, 2018 செப்டெம்பரில் போட்டிச் சந்தை அதிகாரசபையிடம் இதனைப் பெருமுறைப்பாடாகவே கொண்டுசென்றது. இணைய இணைப்பு, கைத்தொலைபேசி, வீட்டுக் காப்புறுதி, வீட்டு ஈடு, சேமிப்பு ஆகிய ஐந்து துறைகளிலும் பழைய வாடிக்கையாளர் ஆண்டுதோறும் 410 கோடி பவுண் கூடுதலாகச் செலுத்துகின்றனர் என்று அது மதிப்பிட்டது. முதியோரும் வருவாய் குறைந்தோருமே இதனால் மிகவும் நலிகின்றனர் என்பதையும் அது எடுத்துக்காட்டியது.

தொலைத்தொடர்புத் துறையை அங்கு மேற்பார்வை செய்வது ‘ஒவ்கொம்’ என்னும் அதிகாரசபை. 2020 பெப்ரவரி 15 ஆம் திகதி முதல் அது ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. தவணை முடிவதற்கு 40 நாளுக்கும் 10 நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில், நிறுவனம் வாடிக்கையாளருக்கு அறிவித்தல் அனுப்பியாக வேண்டும். தவணை முடியும் திகதி, இப்போதைய விலை, முடிந்த பின்னர் வரும் விலை, அந்நிறுவனத்தின் மிகச் சிறந்த சலுகைகள் ஆகிய அனைத்தும் அதில் இருத்தல் வேண்டும். புதிதாகச் சேர்வோர்க்குக் கொடுக்கும் விலையையும் மறைக்கலாகாது. தவணை கடந்து வாளாவிருப்போர்க்கும் ஆண்டுக்கொரு முறை இத்தகைய அறிவித்தல் செல்லவேண்டும். அறிவித்தல் கடிதமாகவும் வரலாம். மின்னஞ்சலாகவோ குறுஞ்செய்தியாகவோ வரலாம். விளம்பரமென்று எண்ணி அதனை ஒதுக்கிவிடுவதே முதற்பிழை.

அந்த அறிவித்தல் வந்த நாள் முதல் தவணை முடியும் நாள் வரையுள்ள காலமே வாடிக்கையாளரின் பொற்காலம். இக்காலத்தில் மூன்று தவறுகள் நேர்வதுண்டு.

ஒன்று, அவசரப்படுதல். இன்னும் நான்கு மாதம் இருக்கையில் வேறொரு நிறுவனம் மாதம் ஐந்து பவுண் குறைத்துத் தருவதாக அழைக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதத்து இலாபம் 20 பவுண். தவணைக்கு முன் விலகியதற்காகப் பழைய நிறுவனம் எஞ்சிய மாதங்களின் கட்டணத்தில் சிறிது கழித்து மிகுதியைக் கேட்கும். மாதம் 28 பவுணென்றால் நான்கு மாதத்துக்கு 112 பவுண். இருபதைப் பெறுவதற்காக ஏறத்தாழ நூறைக் கொடுப்பது கணக்காகாது.

இரண்டு, தாமதித்தல். தவணை கடந்த ஒவ்வொரு மாதமும் சலுகையற்ற விலை கொடுத்த மாதமே. புதிய இணைப்பு கேட்ட அன்றே வந்துவிடுவதுமில்லை. பெரும்பாலும் ஓரிரு வாரம் செல்லும். சுவரிலே துளையிட்டுப் புதிய கம்பி இழுக்கவேண்டுமாயின் இன்னுங் கூடலாம். வாடகை வீடாயின் அதற்கு வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். ஆகவே கடைசி வாரம் வரை காத்திராது, மூன்று நான்கு வாரம் முன்னரே விலைகளை ஒப்பிட்டுப் பார்த்து, தவணை முடியும் நாளையொட்டிப் புதிய இணைப்பு தொடங்குமாறு திகதி குறித்துக்கொள்வதே முறை. ஓரிரு நாள் முன்பின்னானால் பெருநட்டமில்லை.

மூன்றாவது தவறு எல்லாவற்றிலும் பெரிது. புதியது உறுதியாவதற்கு முன்னர் பழையதைத் தாமே வெட்டிவிடுதல். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, அவ்வீடு வாரக்கணக்கில் இணைப்பின்றி இருக்க நேரும். வீட்டுத் தொலைபேசி எண்ணும் கைவிட்டுப் போகலாம். இருபதாண்டாக உறவினர் மனனம் செய்து வைத்திருந்த எண்ணை இழந்த பின் மீட்பது எளிதன்று. எண்ணைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்புவோர், புதிய நிறுவனத்திடம் பதியும்போதே அதனைச் சொல்லிவிடவேண்டும்.

இத்தவறைத் தவிர்ப்பதற்கு இப்போது நல்லதொரு வழி உண்டு. முன்னர், ‘ஓப்பன்றீச்’ கம்பியிலிருந்து ‘வேர்ஜின் மீடியா’ கேபிளுக்கு மாறுவோர், அதாவது ஒரு கம்பி வலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோர், இரு நிறுவனங்களோடும் தாமே பேசவேண்டியிருந்தது. போகவிடாது மன்றாடும் பழைய நிறுவனத்தோடு பேசுவதற்கு அஞ்சியே பலர் மாறாதிருந்தனர். 2024 செப்டெம்பர் 12 ஆம் திகதி முதல் அந்தச் சிரமம் நீங்கியது. புதிய நிறுவனத்தோடு மட்டும் பேசினாற் போதும். விலகினால் செலுத்தவேண்டிய தொகை எவ்வளவு, பாதிக்கப்படும் ஏனைய சேவைகள் எவை என்பவற்றைப் பழைய நிறுவனம் வாடிக்கையாளருக்குத் தானாகவே அறிவிக்கும். அவற்றைப் பார்த்துச் சம்மதித்தால், மாற்றும் வேலை முழுவதையும் புதிய நிறுவனமே செய்யும். புதியது தொடங்கும் நாளிலே பழையது நிற்கும். அந்நாளுக்குப் பின்னர் முன்னறிவித்தற் காலம் என்று சொல்லிப் பணம் அறவிடுதல் ஆகாது. மாற்றத்தில் பிழை நேர்ந்து ஒரு வேலை நாளுக்கு மேல் சேவையின்றி விட்டால் நட்டஈடும் கொடுக்கவேண்டும்.

இவ்வழியிலும் தமிழர் கவனிக்கவேண்டிய நுணுக்கம் ஒன்றுண்டு. பழைய கணக்கை அடையாளங் காண்பதற்குக் குடும்பப் பெயரும் முகவரியும் பொருந்தவேண்டும். தமிழ்க் குடும்பத்தில் கணவன் பெயரின் இறுதியும் மனைவி பெயரின் இறுதியும் வேறாயிருக்கலாம். நீண்ட பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதியிருப்பர். கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவர் பெயரை, பழைய கட்டணப் பட்டியலில் உள்ளபடி எழுத்துப் பிசகாது கொடுத்தல் வேண்டும். கணக்கு காலமானவர் பெயரிலேயே இருக்குமாயின், முதலில் அதனை வாழ்பவர் பெயருக்கு மாற்றுவித்தல் நன்று.

மேலும், தொலைக்காட்சிச் சேவையும் கைத்தொலைபேசியும் இவ்வழியில் அடங்கா. அவற்றை நிறுத்துவதாயின் தனியே அறிவிக்கவேண்டும். பழைய நிறுவனம் தந்த றவுட்டரைக் குறித்த காலத்தில் திருப்பி அனுப்பாவிடில் அதற்கும் பணம் கேட்கக்கூடும். கடைசிக் கணக்குத் தீரும்வரை வங்கிக் கட்டளையை நிறுத்தாதிருப்பதும் புத்தி.

தவணைக்கு இடையிலும் கட்டணமின்றி விலகுவதற்குச் சில வாயில்கள் உண்டு. பதிந்த பின் மனம் மாறினால் 14 நாளுள் கைவிடலாம். ஒப்பந்தத்தில் சொல்லாத விலையேற்றத்தைச் செய்தால், அறிவித்ததிலிருந்து 30 நாளுள் தண்டமின்றி விலகலாம். வேக ஒழுக்கக் கோவையில் ஒப்பமிட்ட நிறுவனமாயின், தான் உறுதிகூறிய குறைந்தபட்ச வேகத்தைத் தர இயலாது 30 நாளுள்ளும் திருத்தாதபோது விடுவிக்கவேண்டும். அரசாங்க உதவிப்பணம் பெறுவோர்க்கெனப் பல நிறுவனங்கள் மலிவான சமூகக் கட்டணத் திட்டங்களும் வைத்திருக்கின்றன. கேட்பவர்க்கே அவை கிடைக்கும்.

புதிய ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் விலையேற்றப் பந்தியைப் படித்தல் வேண்டும். முன்னைய ஒப்பந்தங்கள் பலவற்றில் ஏற்றம் பணவீக்கத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதன் பயனாக 2023 வசந்தகாலத்தில் பலருடைய கட்டணம் நூற்றுக்குப் பதினான்குக்கு மேல் உயர்ந்தது. 2025 ஜனவரி 17 முதல் எழுதப்படும் ஒப்பந்தங்களில் அத்தகைய பிணைப்பு ஆகாது. எத்தனை பவுண், எத்தனை பென்ஸ், எப்போது கூடும் என்று தெளிவாகச் சொல்லவேண்டும். ஆதலால் முதல் மாத விலையை மட்டும் பாராது, தவணை முழுவதற்குமான தொகையைக் கூட்டிப் பார்ப்பவரே உண்மை விலையை அறிவார்.

எல்லோரும் நிறுவனத்தை மாற்றியே தீரவேண்டுமென்பதில்லை. வேறிடத்து விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பழைய நிறுவனமே இறங்கிவரலாம். அப்போது தங்கியிருப்பதும் ஒரு முடிவே. மறதியினால் தங்கியிருப்பதுதான் முடிவாகாது.

விதிகள் எத்தனை வந்தாலும் கடிதத்தைத் திறந்து படிப்பவர் ஒருவர் வேண்டும். மேலே சொன்ன மூதாட்டியின் வீட்டு மேசையில் அத்தகைய உறை ஒன்று பிரிக்கப்படாமற் கிடக்கலாம். கடல் கடந்து வாழும் உறவினரோடு பேசும்போது, சுகம் விசாரித்து முடிந்தபின் ஒரு கேள்வியை நேயர்கள் கேட்டுவைக்கலாம்: இந்த இணைப்பின் தவணை என்றைக்கு முடிகின்றது? பதில் தெரியாவிடில், அன்றே அந்த வீட்டு நாட்காட்டியில் ஒரு திகதியைக் குறிக்கச் செய்தல் நன்று.