வைரஸ் அளவில் ஒரு கவசம்

தாம்பரம் சானடோரியத்தில் 1928-இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்கு மருத்துவமனை தொடங்கியபோது, நல்ல காற்றும் சத்துணவும் ஓய்வும்தான் மருந்து. இன்று சிறுசேரி ஐடி பூங்காவில், மூடிய ஏசி அலுவலகங்களில் ஒருவர் தும்மினால் வைரஸ் பலருக்குப் பரவும். அந்த வைரஸ் தரும் நோயிலிருந்து காக்க நானோ தொழில்நுட்பம் வந்திருக்கிறது.

ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு, நானோமீட்டர். கொரோனா வைரஸ் சுமார் 100 நானோமீட்டர். அதற்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசியின் மருந்து, அதாவது புரதம் செய்யச் சொல்லும் குறிப்பு, தனியாகப் போனால் உடலில் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் நானோ அளவுக் கொழுப்புத் துளியில் ஏற்றி அனுப்புகிறார்கள். அது செல்லுக்குள் சேர்ந்ததும், வைரஸின் முள்புரதத்தை மட்டும் நம் உடலே செய்து, அதை எதிர்க்கப் பழகிக்கொள்கிறது.

வெளிநாட்டில் முதலில் வந்த ஊசிக்கு மைனஸ் 70 டிகிரி குளிர் வேண்டியிருந்தது. நம் கிராமத்து சுகாதார நிலையம் அதற்கு எங்கே போகும்? புனேயின் ஜென்னோவா நிறுவனம் 2022 ஜூனில் அனுமதி பெற்ற ஜெம்கோவாக் எம்ஆர்என்ஏ ஊசிக்கு 2 முதல் 8 டிகிரி போதும். இதுதான் பெரிய சாதனை என்பேன்.

வந்த வைரஸ் நோயைத் தீர்க்கும் நானோ மருந்துகள் பெரும்பாலும் இன்னும் ஆய்வில்தான். ஆனால் வருமுன் காக்க ஃப்ளூ தடுப்பூசி கையிலேயே இருக்கிறது. வீட்டில் முதியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருந்தால், மழைக்காலத்துக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.