கடினப் பாடமும் கைவரும்



"இந்தப் பாடம் எனக்கு வராது" என்று மாணவர் சொல்ல, என் ஆசிரியப் பணியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு முறை அச்சொல்லை நானே ஒரு மாணவியிடம் சொன்னதும் உண்டு. பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவை விரும்பி வந்தாள் அவள். அவளுடைய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "உனக்கு இது வராது அம்மா, எளிய பிரிவாகப் பார்த்துச் சேர்ந்துகொள்" என்றேன். அவள் மறுமொழி கூறாமல் சென்றாள். அவளுக்கு நன்மை செய்ததாகவே அன்று நான் எண்ணினேன். அவ்வெண்ணம் பிழை என்பதைப் பின்னர் எனக்கு உணர்த்தியது, கடல் கடந்த நாட்டில் உள்ள ஒரு பள்ளியின் வரலாறு.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒட்டிய கிழக்குப் பகுதியில் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. மெக்சிகோ நாட்டு வழிவந்த உழைப்பாளிக் குடும்பங்களின் பிள்ளைகளே அங்கு மிகுதியாகப் படித்தார்கள். 1974-ஆம் ஆண்டில் அப்பள்ளிக்குக் கணித ஆசிரியராக வந்தார் ஹைமே எஸ்கலாண்டே. அவர் பொலிவியா நாட்டில் பிறந்து, அங்கேயே ஆசிரியராக இருந்தவர். 1960-களில் அமெரிக்காவில் குடியேறிய பின், உணவு விடுதியில் வேலை செய்து, ஆங்கிலம் கற்று, மீண்டும் பட்டம் பெற்று, மீண்டும் ஆசிரியரானார். புதிதாகக் கற்பதன் துன்பத்தை அவர் தம் வாழ்விலேயே அறிந்திருந்தார்.

அந்நாட்டில், கல்லூரித் தரத்துப் பாடங்களை மாணவர் பள்ளியிலேயே கற்றுத் தேர்வெழுத வழி உண்டு. 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' என்பது அதன் பெயர். 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. 3 பெற்றால் தேர்ச்சி எனக் கொள்வர். இத்தேர்வுக்குரிய நுண்கணித வகுப்பை 1978-இல் எஸ்கலாண்டே தொடங்கினார். ஆண்டு முடிவில் வகுப்பில் எஞ்சியவர் ஐவர். அவருள் தேர்ச்சி பெற்றவர் இருவர்.

அவர் அத்துடன் நிறுத்திவிடவில்லை. 1982-இல் 18 பேர் தேர்வெழுதினர்; 18 பேரும் தேறினர். ஆனால் வெற்றியைத் தொடர்ந்து ஐயமும் வந்தது. சில விடைத்தாள்களில் ஒத்த பிழைகள் காணப்பட்டன என்று கூறி, 14 பேருடைய விடைகளைத் தேர்வு நடத்தியவர்கள் ஐயுற்றனர். அவர்களுள் 12 பேர் மறுதேர்வு எழுத முன்வந்தனர். பன்னிருவரும் மீண்டும் தேறினர். தம் அறிவின் மேல் விழுந்த பழியை அந்த இளைஞர்கள் தம் அறிவைக் கொண்டே துடைத்தார்கள். 1987-இல் அப்பள்ளியில் நுண்கணிதத்தில் தேறியவர் எண்பதுக்கும் மேற்பட்டவர்.

இவ்வரலாறு 1988-இல் திரைப்படமாக வந்தது. படத்தைப் பார்ப்பவர், ஓர் ஆசிரியரின் ஊக்கச் சொற்களால் ஓரிரு ஆண்டில் நிகழ்ந்த அற்புதம் என்று கருதக்கூடும். உண்மை அதுவன்று. முதல் வகுப்புக்கும் அந்த வெற்றிக்கும் இடையே ஆண்டுகள் பல கழிந்தன. இயற்கணிதமும் முக்கோணவியலும் கீழ் வகுப்புகளிலேயே செம்மையாகக் கற்பிக்கப்பட்டன. கோடை விடுமுறையில் அருகிலிருந்த கல்லூரியில் வகுப்புகள் நடந்தன. பள்ளி தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் ஆசிரியர் மாணவரோடு அமர்ந்தார். தலைமையாசிரியர் துணை நின்றார். அடித்தளம் இட்ட பிறகே மாடம் எழுந்தது.

மற்றொரு செய்தியையும் கூறவேண்டும். 1970-களில், அதே மாநிலத்தின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்பவர், முதலாண்டு நுண்கணிதத்தில் சிலர் தேறுவதும் சிலர் தவறுவதும் ஏன் என்று ஆராய்ந்தார். தவறியவர்கள் சோம்பேறிகள் அல்லர், நெடுநேரம் படித்தவர்களே. ஆனால் தனியே படித்தார்கள். நன்கு தேறியவர்களோ தனியே முயன்ற பின், ஒன்றுகூடி ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள். இதைக் கண்டு, கடினமான கணக்குகளைக் கூடியிருந்து செய்யும் வகுப்புகளை அவர் அமைத்தார். பாடத்தை எளிதாக்காமலே மாணவர் நிலை உயர்ந்தது.

நண்பர்களே, இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில. கடினப் பாடம் விளங்காதபோது, தவறு பெரும்பாலும் அப்பாடத்தில் இல்லை. அதற்கு முந்திய பாடத்தில் இருக்கிறது. வகையீடு விளங்கவில்லை என்று வருந்துபவன், பின்னங்களையும் சமன்பாடுகளையும் தடையின்றிச் செய்ய முடிகிறதா என்று முதலில் பார்க்கட்டும். கணக்கு நின்றுபோன படியைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் செல்லுங்கள். "ஒன்றுமே புரியவில்லை" என்றால் அவரால் உதவுவது அரிது. "இந்தப் படியில் நின்றுவிட்டேன்" என்றால் அவர் உடனே கைகொடுப்பார். முதலில் தனியே முயலுங்கள். பின்பு மூவர் நால்வராகக் கூடி அமருங்கள். முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்தால், ஐவரில் இருவர் மட்டுமே தேறிய அந்த முதல் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் திருப்பி அனுப்பிய மாணவியை அதன்பின் காணவில்லை. அவளிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே: "எந்த இடத்தில் தடுமாறுகிறாய்?" இவ்வரலாற்றை அறிந்த பிறகு, குறைந்த மதிப்பெண்ணோடு என்னிடம் வந்த எவரையும் நான் திருப்பியதில்லை. "நாளைக் காலை ஏழு மணிக்கு வா; தடுமாறும் இடத்திலிருந்து தொடங்குவோம்" என்றே சொல்லிவந்தேன். வந்தவர் எல்லாரும் முதல் மதிப்பெண் பெற்றுவிடவில்லை. ஆயினும், அவர்களுள் பலர் தம்மால் இயலாது என்று எண்ணியதைச் செய்து முடித்ததை என் கண்ணால் கண்டேன்.