உளவியலின் சொற்களைக் கற்போம்



கல்லூரி புகுவோர் உளவியலின் கலைச்சொற்களைக் கண்டு அஞ்சுகின்றனர், அஞ்சற்க. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் நில்லுங்கள். கண்வழி ஒளியும் உருவும் புகுவது புலனுணர்வு. அவ்வுருவை ஒருவர் அருச்சுனன் தவம் என்பர். மற்றொருவர் கங்கையின் வருகை என்பர். இவ்வாறு பொருள் கொள்வது புலன்காட்சி. (அதனைச் செதுக்கிய கைகள் எவருடையவை என்று கேட்பார் அரியர், அது நிற்க.)

மனிதரை மனிதர் காணும்போதும் இதுவே நிகழ்கிறது. ஆராயாமல் கொள்ளும் முடிவு தப்பெண்ணம் எனப்படும்.

'நுண்ணறிவு' என்னும் சொல்லை விழிப்போடு கற்க வேண்டும். நமக்கு அது பிறவியிலேயே குறைவு என்றோர் பலர். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் ஆய்வாளர் இருவர் உத்தரப் பிரதேசச் சிற்றூர்ச் சிறுவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்து, முடிவுகளை 2006-இல் வெளியிட்டனர். சாதியை வெளிப்படுத்தாதபோது தாழ்த்தப்பட்ட சிறுவர் ஏனையோருக்கு ஏறத்தாழ நிகராகவே விடுவித்தனர். எல்லோர் முன்னிலையிலும் சாதியை அறிவித்தபின், அவர்கள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது.

செங்கற்பட்டு வட்டாரத்தில் எந்த வகுப்பிலேனும் உதவித்தொகைப் பட்டியலைச் சாதியோடு உரக்கப் படிப்பாராயின், தலைமையாசிரியரிடம் சென்று இவ்வாய்வை எடுத்துரையுங்கள். மாணவரைத் தனியே அழைத்துச் சொல்லுமாறு கேளுங்கள்.