நம்பிக்கைக்கும் மதிப்பெண் உண்டா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலங்கழிக்கும் யாம் உளவியல் பேச முன்வந்ததைத் துணிச்சல் என்றே கருதுவீர்கள். எனினும், எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றை இச்சபையில் சொல்லியே தீரவேண்டும்.

மூன்று மாற்றல்களைக் கண்ட குடும்பம் எமது. இக்காலனிக்கு வந்து ஆறாண்டுகள் ஆகியும் எம் இல்லத்தரசியார் ஒரு டிரங்குப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. "நாளைக்கே உத்தரவு வந்தால்?" என்பார். அதனால் அவரை அவநம்பிக்கையின் அவதாரம் என்று பிள்ளைகள் முன்னிலையிலேயே நகையாடி வந்தோம்.

கல்லூரியில் உளவியல் பயிலும் எம் மகள் சென்ற விடுமுறையில் ஒரு வினாத்தாளைக் கொணர்ந்து, தமிழில் சொல்லி விளக்கினாள். அமெரிக்க அறிஞர்களான மைக்கேல் ஷையர், சார்லஸ் கார்வர் இருவரும் 1985இல் வெளியிட்ட அளவுகோல் அது. 1994இல் திருத்தம் பெற்றது. அதில் பத்துக் கூற்றுகள் உள்ளன. நான்கு கூற்றுகள் இடைநிரப்பாகச் சேர்க்கப்பட்டவை. அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. எஞ்சிய ஆறில் மூன்று நன்மையை எதிர்நோக்குபவை. மூன்று தீமையை எதிர்நோக்குபவை. ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புகிறோம் என்பதற்கேற்ப 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு. தீமைக் கூற்றுகளுக்கு மட்டும் கணக்கைத் தலைகீழாக்குவர். முற்றிலும் மறுப்பவர்க்கே 4. ஆக மொத்தம் 24.

கணவன் மனைவி இருவரும் எழுதினோம். கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் 14! யாம் திகைத்தோம். மகள் கணக்கைப் பிரித்துக் காட்டினாள். நன்மைக் கூற்றுகளில் எமக்கு 12க்கு 11. தீமைக் கூற்றுகளிலோ 3 மட்டுமே. வாய் நிறைய நம்பிக்கை பேசிய யாம் உள்ளூர அஞ்சியும் வந்திருக்கிறோம். அவருக்கோ முறையே 5, 9. பெரிதாக எதையும் அவர் எதிர்பார்ப்பதில்லை. எதற்கும் அதிகம் அஞ்சுவதுமில்லை. பெட்டி ஆயத்தமாக இருக்கும்போது அச்சம் எதற்கு?

நன்னம்பிக்கையும் அவநம்பிக்கையும் ஒரே கோலின் இரு முனைகளா, இரு வேறு கோல்களா என்பது அறிஞரிடையே இன்றும் வாதத்துக்குரியது. எம் வீட்டுத் தாள் இரண்டைக் கொண்டு அதற்குத் தீர்ப்புக் கூறலாகாது. அதற்காக இவ்வளவுகோல் பயனற்றது என்றும் எண்ணற்க. இதயத்தில் பைபாஸ் அறுவை செய்துகொண்ட 51 ஆடவரை ஆராய்ந்து, நன்னம்பிக்கை மிகுந்தோர் விரைந்து தேறினர் என ஷையரும் உடனாய்வாளரும் 1989இல் வெளியிட்டனர். ஆயினும் இத்தாளில் தேர்ச்சி மதிப்பெண் என்பதே கிடையாது. இதற்கு மேற்பட்டவர் நம்பிக்கையாளர், கீழ்ப்பட்டவர் அவநம்பிக்கையாளர் என எல்லைக்கோடு எதனையும் ஆக்கியோர் வரையவில்லை.

அறிஞர் வரையாத கோட்டை நாம் வீடுதோறும் வரைகிறோம்! தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை, "கிடைக்காவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்டால், "அபசகுனமாகப் பேசாதே" என அடக்குகிறோம். அப்பிள்ளை அஞ்சுகிறதா, அன்றி மாற்றுவழி தேடுகிறதா என்று ஒருகணம் கேட்டறிதல் நம் கடமையன்றோ?

அன்று முதல் அப்பெட்டியைப் பற்றி யாம் நகையாடுவதில்லை. அடுத்த மாற்றல் வரும்போது அதனை யாமே சுமந்து செல்வோம் என்று வாக்களித்திருக்கிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!