நகைப்பும் வாக்கும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டித் திருவான்மியூரில் நிகழ்த்திய உரை)

   

தேர்தலில் இணையக் குழுக்களும் நகைச்சுவைப் படங்களும் பெறும் இடம் குறித்துப் பேசுமாறு கழகத்தார் எம்மைப் பணித்துள்ளனர். அரசுப் பணியில் இருப்பவராதலின், எக்கட்சிக்கும் பரிந்து பேசுதல் எமது நோக்கமன்று.

இப்படங்களை இளைஞர்கள் 'மீம்' என்பர். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றிப் பரவும் கருத்தைக் குறிக்க, உயிரியல் அறிஞர் ரிச்சர்டு டாக்கின்ஸ் 1976-இல் ஆக்கிய சொல் அது. சொல் புதிது, பொருள் பழையது. 1967 தேர்தலின்போது குண்டடிபட்டு, கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்த எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாக ஊரெங்கும் பரவியது. தொகுதிக்குச் செல்ல இயலாத நிலையிலும் அவர் பரங்கிமலையில் வென்றார். நூறு மேடைப் பேச்சுக்கு நிகராக ஒரு படம் நின்றதை முதியோர் அறிவர்.

அன்று சுவரொட்டிக்கு அச்சகம் வேண்டும், பசை வேண்டும், ஆள் வேண்டும். இன்று ஒரு செல்பேசி போதும். வடிவேலுவின் முகத்தின்மேல் இரண்டு வரி எழுதிவிட்டால், அரை மணியில் அது ஆயிரம் வாட்ஸ்அப் குழுக்களைச் சேர்கிறது. படித்தவர், படியாதவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் விளங்குகிறது. அதன் வலிமை இதுவே. அதன் குறையும் இதுவே. சிரித்தவர் சிந்தித்துவிட்டதாகவே கருதிக்கொள்கிறார்.

இணைய ஆரவாரம் அனைத்தும் வாக்காக மாறுவதில்லை. 2019 மே இறுதியில் 'நேசமணிக்காகப் பிரார்த்திப்போம்' என்னும் வேடிக்கை உலக அளவில் பேசப்பட்டது. 2001-இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' திரைப்படத்தின் ஒரு பாத்திரமே அந்த நேசமணி. அதற்கு முன்பே, மே 23 அன்று, தேர்தல் முடிவுகள் வெளிவந்துவிட்டன. 2021 சட்டமன்றத் தேர்தலில், இணையத்தில் உரத்துக் குரல் கொடுத்த நாம் தமிழர் கட்சியும் மக்கள் நீதி மய்யமும் ஓர் இடமும் பெறவில்லை. கைத்தட்டலை எண்ணுவது வேறு. வாக்குகளை எண்ணுவது வேறு.

ஆயினும், நம் சமுதாயத்திற்கு இது வெறும் வேடிக்கையன்று. நம்மைப் பார்த்து நகைப்பது இந்நாட்டின் நெடுநாளைய வழக்கம். அண்ணல் அம்பேத்கர் நத்தைமேல் அமர்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையுடன் நிற்பதாக 1949-இல் சங்கர் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். பள்ளிப் பாடநூலில் அது இடம் பெற்றதை 2012-இல் தொல். திருமாவளவன் நாடாளுமன்றத்தில் எழுப்பினார். அண்ணலைக் குறித்து அக்கால ஏடுகளில் வந்த கேலிச்சித்திரங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை உன்னமதி சியாம் சுந்தர் திரட்டி 2019-இல் நூலாக்கினார். கற்றறிந்த பத்திரிகைகளே அவ்வாறு நகைத்தன எனில், பெயர் மறைத்து எழுதும் இணையக் குழுக்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நகைப்பு வன்முறையாக மாற அதிக நேரம் ஆவதில்லை. 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு நாளை எண்ணிப் பாருங்கள். பொன்பரப்பியில் பானைச் சின்னத்தையொட்டி எழுந்த தகராறில் நம் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. அதே வேளையில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் பரவியதால் பொன்னமராவதியில் கலவரம் மூண்டு, 144 தடை உத்தரவு இடப்பட்டது. பொன்பரப்பி அடங்கிய சிதம்பரம் தொகுதியின் முடிவு 3,219 வாக்குகளில் நின்றது. சில ஊர்களை அச்சுறுத்தி வீட்டுக்குள் இருத்திவிட்டால் ஒரு தொகுதியே கைமாறக்கூடும் என்பதை இது காட்டும்.

செல்பேசியால் நன்மையும் உண்டு. 2021 ஏப்ரல் 6 அன்று, நமது வேளச்சேரித் தொகுதியில் வாக்குப்பதிவு இயந்திரங்களை இருசக்கர வண்டியில் கொண்டு சென்றவர்களைப் பொதுமக்கள் மறித்தனர். அக்காட்சி நாடெங்கும் பரவியது. 92-ஆம் வாக்குச்சாவடியில் ஏப்ரல் 17 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது.

ஆகவே இளைஞர்களே, ஒரு படம் வந்தால் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதைச் செய்தவர் யார்? இதில் நகைக்கப்படுபவர் யார்? இதனால் பயன் பெறுபவர் யார்? விடை தெரியாததைப் பிறர்க்கு அனுப்பாதீர். எந்தச் சாதிப் பெண்ணையும் இழித்துரைப்பதை, அது நம் பக்கத்தவர் செய்ததேயாயினும், அனுப்பாதீர். நம்மை இழித்துரைத்தால் வசைக்கு வசை எழுதாமல், படத்தைச் சான்றாகச் சேமித்து முறையீடு செய்யுங்கள். இணையத்தில் இடும் சாதி இழிவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் கூறியுள்ளது.

நாமும் ஆக்குவோராதல் வேண்டும். ரெட்டமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் நடத்தினர். கைக்காசைச் செலவிட்டு எழுத்துக் கோத்து அச்சிட்ட அவர்களின் வழிவந்தோர், பிறர் செய்த படத்தைக் கைமாற்றுவதோடு நிற்கலாமோ? விடுதியின் நிலையையும் உதவித்தொகைத் தாமதத்தையும் நகைச்சுவையோடு எடுத்துக்காட்டும் படங்களை நம் பிள்ளைகள் ஆக்கட்டும்.

இறுதியாக ஒன்று. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மாநிலத்தில் 69 விழுக்காட்டிற்கு மேல் வாக்குப் பதிவாக, நம் தென்சென்னையில் ஏறத்தாழ 54 விழுக்காடே பதிவாயிற்று. இணையம் மிகுந்த நகரிலேயே வாக்கு குறைந்தது. பதினெட்டு வயது நிறைந்தோர் படிவம் 6-ஐ நிரப்புங்கள். பட்டியலில் பெயர் உள்ளதா என 1950 என்னும் எண்ணில் கேட்டறியுங்கள். வாக்குப்பதிவு நாளன்று அண்டை வீட்டு முதியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மீம் ஒரு நாளில் மறக்கப்படும். வாக்கு ஐந்தாண்டு பேசும்.